உடன் ஓடும் இன்பம்

போட்டியின்றேல் ஓட்டத்தில் ஊக்கமில்லை என்பர் பலர். அது முற்றும் பொருந்துவதன்று. போட்டி சிலரை ஓடுவோராக்கிப் பலரை வெறும் பார்வையாளராக்கிவிடும்.

1938ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் கிஸ்பெர்ட் என்பாரும் அவர்தம் நண்பர்களும் ஓர் ஓட்டக் கழகம் கண்டனர். வாரந்தோறும் அவர்கள் கூடுவர். சிலர் முயல்களாகி முன்சென்று காகிதத் துண்டுகளைத் தூவுவர். ஏனையோர் வேட்டை நாய்களாகி அத்தடம்பற்றித் தொடர்வர். இடையே பொய்த்தடங்களும் உண்டு. விரைந்தோடுவோர் அவற்றில் மயங்கி மீள்வதற்குள், மெல்ல வருவோரும் வந்து சேர்வர். அங்கே வெற்றியில்லை, தோல்வியுமில்லை, நகைப்பே பரிசு. கிஸ்பெர்ட் 1942இல் சிங்கப்பூர்ப் போரில் உயிர் நீத்தார். அவர் தொடங்கிய விளையாட்டோ உலகின் பல நாடுகளிலும் பரவிற்று.

பழுப்பு நிலக்கரியால் எழுந்த நெய்வேலி நகரியத்திற்கு இவ்விளையாட்டு மிகவும் ஏற்றதாகும். அங்கே அகன்ற நிழற்சாலைகள் உள்ளன. பல ஊர்களினின்றும் வந்தோர் வாழ்கின்றனர். பணியிடத்தில் அதிகாரி, தொழிலாளி என்னும் படிநிலை தவிர்க்கவொண்ணாதது. சாலையில் அது வேண்டுவதன்று. வாரம் ஒரு மாலை அனைவரும் ஒருங்கே ஓடுவாராயின், உடல் உரம்பெறும், உள்ளங்கள் நெருங்கும். பிறரை முந்துதல் திறமை. பின்தங்கியவரையும் உடனழைத்துச் செல்லுதல் பண்பு. திறமையினும் பண்பே பெரிது.