கடலுக்குப் போகிறவனின் கணக்கு

உங்கள் வங்கிக் கணக்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடித்துக்கொண்டு, விபத்தில் செத்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் தருகிறார்களே, பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம், அந்த 20 எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டா? 2015-ல் 12 ரூபாயாக இருந்தது. வசூலைவிடக் கொடுத்தது அதிகமாகி, 2022 ஜூனில் 20 ஆனது. பத்தாயிரம் பேர் ஆளுக்கு 20 ரூபாய் போட்டால் 2 லட்சம். ஆக, செலவுகளை விட்டுவிட்டால், பத்தாயிரத்தில் ஒருவர் விபத்தில் போனால் கணக்கு சரியாகிவிடும். இப்படி நம் சாவை எண்ணி விலை போடுகிறவருக்கு ஆக்சுவரி என்று பெயர்.

140 கோடிப் பேர் இருக்கும் நாட்டில் முழுத் தகுதி பெற்ற ஆக்சுவரிகள் சில நூறு பேர்தான். பெரும்பாலோர் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிலும் கன்சல்டன்சிகளிலும் இருக்கிறார்கள். கஷ்டப்பட்டுப் படிச்சவங்க, நல்லா சம்பாதிக்கட்டும். என் சண்டை வேறு.

புதுச்சேரியின் வடகோடியில் கனகசெட்டிக்குளம். சுனாமி அடித்த மீனவ ஊர்களில் ஒன்று. வருஷாவருஷம் வரும் மீன்பிடித் தடை அறிவிப்பு இந்த ஊர் பெயரில்தான் தொடங்கும்: கனகசெட்டிக்குளம் முதல் மூர்த்திக்குப்பம் புதுக்குப்பம் வரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கட்டுமரம், நாட்டுப்படகு தவிர மற்றவை கடலில் இறங்கக் கூடாது. மீன் இனம் பெருக வேண்டும், நியாயமான தடைதான்.

இப்போது இன்ஷூரன்ஸ் பணம் பிடிக்கிற தேதியைப் பாருங்கள். மே மாதக் கடைசி! விசைப்படகில் போகிறவர் வீட்டில் ஒன்றரை மாசமாக வருமானம் இல்லாத நேரம். அந்த 20 ரூபாயோடு, ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாயும் வேண்டும். கணக்கில் இல்லையென்றால் பாலிசி போச்சு. பிறகு பணம் கட்டி ஜீவன் ஜோதியில் சேரலாம், ஆனால் முதல் 30 நாளில் விபத்து தவிர வேறு சாவுக்குப் பணம் கிடையாது. மீனவர்களுக்கென்று 5 லட்சம் விபத்துக் காப்பீடு தனியாக இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. படகில் மாரடைப்பு வந்தவனுக்கு அது உதவாது.

மும்பை ஆபீஸில் பார்த்தால் ஜூன் 1 வெறும் தேதி. கரையில் நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு தப்பான தேதி என்று தெரியும்.

இந்தத் தொழில் பிறந்தபோது இப்படி இல்லை. 1740-களில் ஸ்காட்லாந்தில் ராபர்ட் வாலஸ், அலெக்ஸாண்டர் வெப்ஸ்டர் என்ற இரண்டு பாதிரியார்கள், செத்துப்போகும் பாதிரியார்களின் விதவைகளுக்கு ஒரு நிதி வைக்க ஆசைப்பட்டார்கள். கணக்கைச் சரிபார்த்தவர் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மெக்லாரின். அதே வெப்ஸ்டர்தான் 1755-ல் ஸ்காட்லாந்தின் ஜனத்தொகையையும் எண்ணினார். ஆலோசனை, வாத்தியார் வேலை, ஊர்வேலை மூன்றும் அன்றைக்குச் சேர்ந்தே நடந்தன.

இங்கே? கனகசெட்டிக்குளத்துக்குப் பக்கத்தில், காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம். புள்ளியியல் துறையும் உண்டு. மே மாதம் எத்தனை மீனவர் பாலிசி முறிகிறது என்பதை மாணவர்களுக்கு ஒரு பிராஜெக்டாகக் கொடுக்க எந்த ஆக்சுவரியாவது அங்கே வந்து உட்கார வேண்டாமா? வந்தாலும் ரிப்போர்ட்டை ஊரில் யாரிடம் நீட்டுவார்? 38 வருஷம் கழித்து 2006-ல் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் அறிவித்த தேர்தலும் நின்றுபோனது. கவுன்சிலரே இல்லாத ஊரில் ஆலோசனைக்கு ஏது இடம்?

மீனவருக்கு மட்டும் பணம் பிடிக்கும் தேதியை ஆகஸ்டுக்குத் தள்ளினால் எவ்வளவு செலவாகும்? அரசாங்கம் கேட்டால் ஒரு ஆக்சுவரி போட்டுத் தந்துவிடுவார். அரசாங்கம் கேட்காவிட்டால், அவரே போட்டுக் கொடுக்கட்டுமே.