குழந்தையின் அச்சத்துக்கும் மருத்துவம் உண்டு

மலேசியாவின் கிரியான் வயல்களில் அறுவடை எந்திரங்கள் இறங்கும் பருவத்தில், அந்த இரைச்சலுக்குப் பழகாத செவி பாகான் செராய் வட்டாரத்தில் இல்லை. ஆயினும் மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ள ஏழு வயதுப் பிள்ளைக்கு, எந்திரம் சாலை முனையில் திரும்பும்போதே உடல் விறைத்துவிடும். பள்ளிச் சீருடையோடு காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டு அழும் அப்பிள்ளையைப் பார்க்கும் உறவினர், "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்பர். சற்று விவரம் அறிந்தவர், "ஆட்டிசப் பிள்ளை அப்படித்தான்" என்பார். முன்னது பிரம்பை எடுக்கச் சொல்கிறது. பின்னது கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்கிறது. அறிவின் தோற்றத்தோடு வருவதால் பின்னதையே நாம் பெரிதும் அஞ்சுகிறோம்.

மதியிறுக்கத்தை மருத்துவ உலகுக்கு முதன்முதலில் விரித்துரைத்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கன்னர். 11 குழந்தைகளைப் பற்றி 1943இல் அவர் எழுதிய கட்டுரையிலேயே அச்சம் விரவிக் கிடக்கிறது. தூசி உறிஞ்சும் கருவி, மின்தூக்கி, முட்டை அடிக்கும் கருவி, சிற்சில வேளை காற்றுகூட அக்குழந்தைகளைக் கலங்கடித்ததாக அவர் பதிந்துள்ளார். கூடவே மற்றொன்றையும் கண்டார்: பிறர் எழுப்பும் ஓசைக்கு நடுங்கும் அதே குழந்தை, தானே அவ்வளவு பேரோசை எழுப்பி மகிழ்ந்தது. ஆகவே ஒலியின் அளவு மட்டுமே காரணமாக இருக்க முடியாது; கேளாமல் வந்து நுழைவதுதான் அக்குழந்தையை உலுக்குகிறது. இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியே செல்கிறது. அடுத்து என்ன நேரும் என்று அறியாத நிலையைத் தாங்க இயலாமைக்கும் இப்பிள்ளைகளின் பதற்றத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை அவர்கள் காட்டினர்.

இப்பதற்றம் எங்கோ ஒருவருக்கு வருவதன்று. 31 ஆய்வுகளையும் மதியிறுக்கம் உள்ள 2,121 இளையோரையும் தொகுத்து நோக்கிய வான் ஸ்டீன்செல் குழுவினர், ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குப் பதற்றக் கோளாறு ஒன்றேனும் இருப்பதாக 2011இல் கணக்கிட்டனர். மதியிறுக்கத்தின் நிழலில் அது மறைந்துபோவதே பெருஞ்சிக்கல்.

மறைந்ததைக் கண்டுவிட்டால் வழியும் இருக்கிறது. 7 முதல் 13 வயது வரையிலான 167 மதியிறுக்கப் பிள்ளைகளைக் கொண்டு ஜெஃப்ரி வுட் குழுவினர் நடத்திய ஆய்வு 2020இல் வெளிவந்தது. அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் நடத்தைச் சிகிச்சை பதற்றத்தைத் தணித்தது. இப்பிள்ளைகளின் இயல்புக்கேற்ப மாற்றியமைத்த முறை, பொதுவான முறையினும் மேலான பலன் தந்தது. நம் வட்டாரத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். முதலில் அறுவடை எந்திரத்தின் படம். பிறகு கைப்பேசியில் அதன் ஓசை. கூட்டுவதும் குறைப்பதும் பிள்ளையின் விரலில். அதற்கும் பிறகே, தாயின் கைபிடித்து, தொலைவில் ஒரு வரப்பில் நிற்பது. நாள்கள் பிடிக்கும், நடுவில் பின்வாங்கலும் உண்டு. வுட் குழுவினரின் ஆய்வு, பேசவும் புரிந்துகொள்ளவும் வல்ல பிள்ளைகளையே கொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். பேச்சு வாராத பிள்ளையின் அச்சத்தை அளக்கவும் தணிக்கவும் உளவியல் இன்னும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது.

நம் நாட்டு ஏற்பாடு எங்கே நிற்கிறது? அரசாங்கச் சுகாதார நிலையங்களில் 18ஆம் மாதத்திலும் மூன்று வயதிலும் மதியிறுக்கத்துக்கான வினாப்பட்டியல் கேட்கப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான். சமூகநல இலாகாவின் மாற்றுத்திறனாளி அட்டையும் சிறப்புக் கல்வி வகுப்பும் குடும்பங்களுக்குப் பேருதவி. ஆனால் பதற்றம் பல பிள்ளைகளிடம் முற்றி வெளிப்படுவது பள்ளி வயதில். மணியோசையும் திங்கட்கிழமைச் சபைக்கூடலின் ஒலிபெருக்கியும் புதிய ஆசிரியரும் ஒருங்கே வந்து சேரும்போது. அவ்வயதில் அச்சத்தைப் பற்றி எவரும் முறையாக வினவுவதில்லை. வினவினாலும், மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கப்படும் கேள்விக்குத் தோட்டத்தில் வளர்ந்த தாய் தன் பிள்ளையின் நடுக்கத்தை எப்படி விவரிப்பாள்? சிறப்பு மருத்துவரைக் காணத் தைப்பிங்குக்கோ ஈப்போவுக்கோ செல்வதாயின் ஒருநாள் கூலி போகும். அப்பயணமே பிள்ளைக்கு மற்றோர் அச்சம்.

புதிய கட்டடத்துக்காக இதில் காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டச் சுகாதார அலுவலகம், முதலாம் ஆண்டில் சேரும் மதியிறுக்கப் பிள்ளைகளின் பெற்றோரைத் தமிழறிந்த தாதி ஒருவரைக் கொண்டு வினவச் செய்யட்டும். ஆண்டுதோறும் அதைத் தொடரட்டும். சமூக மறுவாழ்வு மையங்களின் பணியாளருக்குப் படிப்படியாகப் பழக்கும் முறையில் பயிற்சி அளிக்கட்டும். தீயணைப்பு ஒத்திகைக்கு முதல்நாளே தலைமையாசிரியர் வீட்டுக்குச் செய்தி அனுப்பலாம். உறுமி மேளம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதைக் கோயில் நிர்வாகம் அக்குடும்பத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்கலாம். இவ்விரண்டுக்கும் ஒரு காசும் செலவில்லை; வரும் பள்ளித் தவணைக்கே தொடங்கிவிடலாம்.