டொக்கென்று விழ வேண்டும்

ஒரு சனிக்கிழமை முழுக்க 120 தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதற்கென்று சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவி உண்டு. அதன் தலைக்குள் தோட்டாவைச் செருகிக் கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று வரும். மருந்து பொலபொலவென்று கொட்டும். அத்தனையும் நான் என் கையால் கட்டியவை.

டெக்சாஸில் நான் இருக்கும் பக்கம் துப்பாக்கி சுடப் பழகுகிறவர்கள் பலர் தோட்டாவைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். சுட்ட பித்தளைக் கூட்டைப் பழைய வடிவத்துக்கு அமுக்கி, புதுக் கேப்பு, மருந்து, குண்டு வைத்து மூடுவார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

9 மி.மீ. லூகர் தோட்டாவின் மொத்த நீளம் 29.69 மி.மீ. தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் வகுத்துக்கொண்ட அளவு. என்னுடையவை 29.2. பழைய துப்பாக்கியில் அருமையாக ஓடின. புதிதாக வாங்கியதில், சுடுகளத்தில் முதல் தோட்டாவே சிக்கியது. ஸ்லைடு முழுக்க மூடவில்லை. உள்ளங்கையால் தட்டி மூடப் போனேன். பெரியவர் கையைப் பிடித்துவிட்டார்.

ரிவால்வரில் போடும் .38 ஸ்பெஷல் அடிவிளிம்பில் தாங்கி நிற்கும். 9 மி.மீ. அப்படியல்ல. கூட்டின் வாய் ஓரம், குழலில் தோட்டா அமரும் சேம்பருக்குள் இருக்கும் ஒரு சின்னப் படியில் முட்டி நிற்க வேண்டும். அதற்கு முன்னால் குண்டு குழலின் முறுக்கு வரியில் முட்டிவிட்டால் தோட்டா பாதியில் நின்றுவிடும். அந்த வரி எங்கே தொடங்குகிறது என்பது குழலுக்குக் குழல் மாறும். பாதியில் நின்ற தோட்டாவைப் போய்த் தட்டினால் குண்டு கூட்டுக்குள் அமுங்கி அழுத்தம் எகிறலாம். இழுத்தால் குண்டு குழலிலேயே தங்கி, மருந்து உள்ளே கொட்டலாம்.

வீட்டுக்கு வந்ததும், துப்பாக்கி காலிதானா என்று இரண்டு தடவை பார்த்து, குழலைத் தனியே கழற்றி முனை கீழே இருக்கும்படி பிடித்தார். கடையில் வாங்கிய தோட்டா ஒன்றை விரலிலிருந்து நழுவ விட்டார். டொக். சுற்றினால் சுழன்றது, குழலைக் கவிழ்த்தால் தானாக விழுந்தது. அடுத்து என்னுடையது. சத்தம் மொத்தையாக வந்தது. கவிழ்த்தும் விழவில்லை.

கருப்பு மார்க்கரை அதன் மேல் முழுக்கப் பூசி, மறுபடி போட்டு எடுத்தார். குண்டின் வளைவு தொடங்கும் இடத்தில், வரிக்கு ஒன்றாக ஆறு சின்னக் கீறல்கள். மை கூட்டின் வாயில் உரிந்திருந்தால் வாய் விரிந்திருக்கிறது, அடியில் உரிந்திருந்தால் கூடு உப்பியிருக்கிறது என்றார். எனக்கு அன்று வரைக்கும் நீளம் அளக்கும் வெர்னியர்தான் வேதம். இந்த ஆறு கீறல்களையும் அது எனக்குக் காட்டியதில்லை.

குண்டை இன்னும் கொஞ்சம் உள்ளே அமுக்கினால் போதாதா என்று கேட்டேன். “உள்ளே இடம் குறையும், அழுத்தம் கூடும். மருந்தைக் குறைத்து முதலிலிருந்து பார்த்துக் கட்டணும்” என்றார். அதனால்தான் 120-ஐயும் பிரித்தேன்.

இப்போதெல்லாம் கேப்பும் மருந்தும் இல்லாத வெறும் தோட்டா ஒன்றை முதலில் செய்து, அந்தந்தக் குழலில் போட்டுக் காது கொடுத்துக் கேட்ட பிறகே மருந்து டப்பாவைத் திறக்கிறேன். தோட்டா கட்டும் பிரஸ்ஸுக்கு மேலே ஆணியில், துப்பாக்கிக்கு ஒன்றாக இரண்டு சின்னப் பைகள் தொங்குகின்றன. இரண்டிலும் ஒரே குண்டு, ஒரே கூடு. நீளத்தில் அரை மி.மீ. வித்தியாசம்.