ஒரே தட்டில் எல்லோரும் கைவைக்க வேண்டும்

ஐரோப்பிய மண்ணில் வளரும் எம் பிள்ளைகளிடம் மிகப் பிடித்த உணவு எதுவென்று கேட்டால், பிட்டு என்றோ இடியப்பம் என்றோ பதில் வருவது அரிது. பொரித்த உருளைக்கிழங்கு என்றே பெரும்பாலும் வரும். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. வாழும் நாட்டின் உணவைப் பிள்ளைகள் விரும்புவது இயல்பே. ஆனால் அக்கிழங்கு எந்தக் கொழுப்பில் பொரிக்கப்படுகிறது என்ற வினாவை எம்மில் எத்தனை பேர் எழுப்புகின்றோம்?

பெல்ஜியத்தில் எமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில் நடந்தது இது. ஊரிலிருந்து வந்து சேர்ந்த அம்மம்மாவுக்குப் பேரன் தன் கையாலேயே கிழங்கு பொரித்துக் கொடுத்தான். அவரும் உண்டு மகிழ்ந்தார். மறுநாள் சமையலறையில் இருந்த வெள்ளைக் கட்டியின் உறையைத் தாய் வாசித்தபோதுதான் அது மாட்டுக் கொழுப்பு எனத் தெரியவந்தது. வாழ்நாளில் மாட்டிறைச்சியைத் தொட்டறியாத அம்மூதாட்டி பேரனை ஏசவில்லை. ஆயினும் அதன் பின்னர் அவ்வீட்டில் பொரித்த எதையும் அவர் உண்ணவில்லை. பேரன் மீது குற்றம் சொல்வதற்கில்லை. அயலவர் வாங்குவதையே அவனும் வாங்கினான். அவனுக்கு எவரும் எதையும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

பெல்ஜியத்திலும் பிரான்சின் வடபகுதியிலும் மாட்டுக் கொழுப்பில் கிழங்கு பொரிப்பது நெடுங்கால மரபு. இங்கிலாந்தின் வடபகுதியில் மீனும் கிழங்கும் விற்கும் கடைகள் பலவற்றிலும் அதுவே வழக்கம். அது அம்மக்களின் சுவை. அதை இகழ்வதற்கு எமக்கு உரிமையில்லை. கேட்டு அறிந்துகொள்ளும் கடமையே எமக்குண்டு. பிரெஞ்சில் 'கிறேஸ் து பெஃப்', டச்சு மொழியில் 'ருண்ட்ஃபெட்', ஜேர்மன் மொழியில் 'ரிண்டர்டால்க்', ஆங்கிலத்தில் 'பீஃப் டிரிப்பிங்' என்றிருந்தால் அது மாட்டுக் கொழுப்பாகும். உறைநிலையில் விற்கப்படும் கிழங்குப் பொதிகள் சிலவும் முன்கூட்டியே இக்கொழுப்பில் பொரிக்கப்பட்டவையே.

மரக்கறி எண்ணெய் என்ற சொல்லும் எப்போதும் போதுமானதன்று. அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1990 இல் மாட்டுக் கொழுப்பைக் கைவிட்டு மரக்கறி எண்ணெய்க்கு மாறியது. ஆனால் கிழங்கில் சேர்க்கப்பட்ட சுவையூட்டி மாட்டிறைச்சியிலிருந்து பெறப்பட்டது என்பது பின்னர் தெரியவந்தது. 2001 இல் அங்கு வாழும் இந்துக்கள் வழக்குத் தொடுத்தனர். 2002 இல் அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, ஒரு கோடி டொலர் வழங்க இணங்கியது. கேள்வி கேட்டவர்களால்தான் உண்மை வெளிவந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அவ்வாறாயின் வீட்டில் எதை வாங்குவது? ஊரில் தேங்காயெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் பொரித்துப் பழகியவர்கள் நாம். தேங்காயெண்ணெயின் மணம் ஊரையே கண்முன் கொண்டுவரும். ஆனால் அதில் ஏறத்தாழ 90 வீதம் நிறைவுற்ற கொழுப்பாகும். மாட்டுக் கொழுப்பில்கூட அது பாதியளவே. பாமெண்ணெயிலும் பாதியளவு உண்டு. சூரியகாந்தி எண்ணெயிலோ பத்தில் ஒரு பங்குதான். தெற்காசிய மக்களிடையே இருதய நோயும் நீரிழிவும் கூடுதலாகக் காணப்படுவதாக மருத்துவர்கள் நீண்டகாலமாகக் கூறிவருகின்றனர். ஊர் நினைவைச் சம்பலிலும் சொதியிலும் காப்போம். பொரிக்கும் தாச்சியில் வேண்டாம்.

எனவே அன்றாடப் பொரியலுக்குச் சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயே ஏற்றதென்பது எமது கருத்து. அதிலும் ஒலெயிக் அமிலம் மிகுந்தது எனக் குறிக்கப்பட்ட வகை சூட்டை நன்கு தாங்கும். கச்சான் எண்ணெயும் நன்று. ஆயினும் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கச்சான் ஒவ்வாமை உண்டா எனக் கேட்டறிய வேண்டும். கொல்சா, ராப்ஸ், கனோலா என நாட்டுக்கொரு பெயரில் விற்கப்படும் எண்ணெயாயின், பொரிப்பதற்கு உகந்ததா எனப் போத்தலைப் பார்த்து வாங்குதல் நலம்.

எண்ணெயைத் தேர்ந்ததுடன் கடமை முடிவதில்லை. 175 பாகைக்கு மேல் சூடாக்காது, கிழங்கு பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும். கருகப் பொரித்த கிழங்கில் அக்ரிலமைட் என்னும் தீய பொருள் மிகுதியாக உண்டாவதை 2002 இல் சுவீடன் அறிஞர்கள் வெளிப்படுத்தினர். கறுத்து மணம் மாறிய எண்ணெயைச் சிக்கனம் கருதி மீண்டும் மீண்டும் பாவித்தல் ஆகாது. மீன் பொரித்த எண்ணெயை விரத நாளில் மரக்கறிக்கு எடுக்காமலிருக்க, இரண்டு போத்தல்களில் பெயரெழுதி வைத்தால் போதும். யாவற்றிலும் மேலாக, தாச்சியை அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசப் போகாதீர்கள். எண்ணெயில் தீப்பற்றினால் ஒருபோதும் நீர் ஊற்றாதீர்கள். தீ பெருகினால் பிள்ளைகளுடன் வெளியேறித் தீயணைப்புப் படையை அழையுங்கள்.

எம் வீடுகளில் இன்று மூன்று தலைமுறையினர் ஒன்றாக வாழ்கின்றனர். விரதம் காக்கும் அம்மம்மா, இருதயத்துக்கு மருந்து உண்ணும் தந்தை, பாடசாலை முடிந்து பசியோடு வரும் பிள்ளை, அப்பிள்ளையோடு வரும் முஸ்லிம் தோழன். இவர்கள் அனைவரும் தயக்கமின்றிக் கைவைக்கக்கூடிய ஒரு தட்டுக் கிழங்கைத் தருவது எந்த எண்ணெயோ, அதுவே எமக்குரிய எண்ணெய். அடுத்த முறை கடைக்குச் செல்கையில் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். உறையை அவனே வாசிக்கட்டும். அம்மொழி எம்மைவிட அவனுக்கே நன்கு தெரியும். எதற்காக வாசிக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் தமிழில் சொல்லிக் கொடுப்போம்.