துண்டோடு திரும்பலாகாது
அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போனவர் ‘வெளியில் வாங்கவும்’ என்ற துண்டோடு திரும்பும் நிலை, 2022 பொருளாதார நெருக்கடி கடந்து ஆண்டுகள் சென்ற பின்னும் முற்றாக நீங்காதிருப்பதை ஏற்க முடியாது. அரச ஊழியருக்கு ‘அக்ரஹார’ காப்புறுதி உண்டு. யாழ்ப்பாணத்து அளவெட்டிச் செம்மண்ணில் வெங்காயம் நடுபவருக்கும், திருவிழாக்களை நம்பி வாழும் தவில், நாதஸ்வரக் கலைஞருக்கும் அது இல்லை. அரச வைத்தியசாலைதான் அவர்களது காப்புறுதி. வைத்தியரைப் பார்க்கவும் வாட்டில் தங்கவும் காசு கேட்கப்படுவதில்லை என்பது பெரும் பேறே. அந்தப் பேற்றுக்கு மக்களும் தோள்கொடுத்தனர்: தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழவென்று 2011 இல் தெய்வேந்திரமுனை தொடங்கிப் பருத்தித்துறை வரை மக்கள் நடந்து நிதி சேர்த்ததை இப்பகுதி மறக்கவில்லை. ஆனால், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் வேண்டிய குளிசையைப் பாமசியில் வாங்க நேரும் முதியவர், துண்டில் உள்ளதில் பாதியை வாங்கி, இரண்டு வேளைக்குரியதை ஒரு வேளையாக்கிக்கொள்கிறார். பின்னர் சிறுநீரகம் பழுதாகி, பக்கவாதம் வந்து அவர் யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படும்போது, மருந்தில் மிச்சம் பிடித்ததைப்போலப் பலமடங்கு செலவு அரசின் தலையிலேயே விழுகிறது. இதற்கு வழி இல்லாமலில்லை: மருந்தைப் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும் என்று பேராசிரியர் சேனக பிபிலே செய்து காட்டினார். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971 இல் பிறந்தது அதற்காகவே. தொற்றா நோய்களுக்கான மருந்துகள் கிராம வைத்தியசாலைகளில் ஒருநாளும் தீராதிருப்பதை மத்திய சுகாதார அமைச்சும் வடக்கு மாகாண சுகாதாரத் திணைக்களமும் உறுதிசெய்ய வேண்டும். கையிருப்பில் இல்லாதவற்றின் பட்டியலை ஒவ்வொரு வைத்தியசாலையும் வாசலில் ஒட்ட வேண்டும். தவிர்க்க முடியாமல் வெளித்துண்டு எழுதினால், அதில் வணிகப் பெயரன்றிப் பொதுப்பெயரே இருக்க வேண்டும்.