வெட்டுத் தீர்மானமும் வெளிநடப்பும்

தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டைப் பத்தி எவ்வளவோ பேர் எழுதியாச்சு. நான் யாரும் கண்டுக்காத ஒரு மேட்டரை மட்டும் எடுத்துக்கறேன். அந்தத் துப்பாக்கி வெச்சிருந்த துறைக்குப் பணம் ஒதுக்கின ஓட்டெடுப்பு.

2018 மே 22, 23 தேதிகளில் நடந்த சூட்டில் 13 பேர் செத்தாங்க. 28ஆம் தேதி ஸ்டெர்லைட்டை மூடி அரசாணை. 29ஆம் தேதி சட்டசபை கூடுச்சு. எதுக்கு? மானியக் கோரிக்கைகளுக்காக. மார்ச்சில் ஓ.பன்னீர்செல்வம் வாசிச்ச பட்ஜெட்டில் துறைவாரியா இருக்கிற பணத்துக்கு சபை ஓட்டுப் போட்டு ஒப்புதல் தர்ற கட்டம் அது. அதில் 22ஆம் எண் கோரிக்கை காவல்துறை. அந்தத் துறையைக் கையில் வெச்சிருந்தவர் முதல்வர் பழனிசாமியேதான்.

எதிர்க்கட்சி என்ன பண்ணுச்சு? கறுப்புச் சட்டை, வெளிநடப்பு. மறுநாள் அறிவாலயத்தில் மாதிரி சட்டசபை. டிவியில் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மக்கா, மாதிரி சபையில் ஒரு ரூபாயைக்கூட வெட்ட முடியாதே!

அரசியல் சட்டம் 203ஆவது பிரிவைப் படிச்சுப் பாருங்க. மானியக் கோரிக்கையை சபை ஏத்துக்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைச்சும் ஏத்துக்கலாம். எம்.எல்.ஏ.ன்னு ஒருத்தர் கையில் இருக்கிற நிஜமான ஆயுதம் இதுதான். மத்ததெல்லாம் மைக். அதுவும் எந்த வருஷம்? 2017 செப்டம்பரில் 18 பேரைத் தகுதி நீக்கம் பண்ணிட்டு, அரசு கயித்து மேல நடந்துக்கிட்டிருந்த வருஷம். ஒரு வெட்டுத் தீர்மானம் ஜெயிச்சாலே ஆட்சி காலி.

“ஜெயிக்காதுப்பா, எண்ணிக்கை இல்லை, கொறடா உத்தரவை மீறினா பதவி போயிடும்”னு சொல்வீங்க. தெரியும். ஜெயிக்கவா சொன்னேன்? எண்ணச் சொல்றேன். 22ஆம் கோரிக்கைக்கு யார் யார் ‘ஆம்’னு சொன்னாங்கன்னு பேர் பேரா பதிவாகட்டும். குரல் வாக்கெடுப்பில் “ஆம் என்போர்”னு ஒரு சத்தம் வரும், முடிஞ்சுது. வெள்ளைக்காரன் காலத்து முத்துச் சலாபத்தில்கூட சிப்பியைக் கரையில் கொட்டி, சர்க்காருக்கு ரெண்டு பங்கு, குளிச்சவனுக்கு ஒரு பங்குன்னு கண்ணு முன்னாடி எண்ணித்தான் பிரிச்சாங்க. அநியாயப் பங்குதான், ஆனா எண்ணினாங்க!

சில நாள்ல திமுக சபைக்குத் திரும்பி வந்துச்சு. போலீஸுக்கு ஏழாயிரம் கோடிக்கு மேல இருந்த மானியமும் மத்த எல்லா மானியமும் நிறைவேறுச்சு.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் 2011ல் பட்ஜெட் பேரம் படியாம 20 நாள் அரசாங்கமே மூடிக் கெடந்துச்சு. கடைசியில் சிறப்புக் கூட்டம் போட்டு முடிச்சாங்க. அந்தக் கூத்து நமக்கு வேணாம். ஆனா பேரமே இல்லாத பட்ஜெட் மட்டும் நல்லதா? நாங்க நாலு வரி கோடை மாத்தினாக்கூட இன்னொருத்தர் ரிவ்யூ பண்ணாம சர்வருக்குப் போகாது. நாடாளுமன்றத்தில் மானியங்களை ஆராய 1993லிருந்து துறைவாரி நிலைக்குழுக்கள் இருக்கு. பக்கத்துல கேரளாவில் 1980லிருந்தே இருக்கு. இங்க? அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பைக் கொடுப்பார், ஆளுங்கட்சிக்காரங்க தலைவரைப் புகழ்வாங்க, பதிலுரையில் நாலு புது அறிவிப்பு வரும். அவ்ளோதான். 2021ல் ஆட்சிக்கு வந்த திமுகவாவது அப்படி ஒரு குழு போட்டுச்சா? ம்ஹூம். அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 மே மாசம் கைக்கு வந்தது, சபையில் வெச்சது அக்டோபரில்.

மீன்வளத்துக்கும் இதே கதைதான் (கோரிக்கை எண் 7). ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் எங்க கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. 2018 மே 22 அன்னைக்கும் தடைக்காலம்தான். மானியக் கோரிக்கை நடக்கிற சீசனும் பெரும்பாலும் இதேதான். ஆனா தடைக்கால நிவாரணத்தை 5,000லிருந்து 8,000 ரூபாயாக்கின அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபம் மாநாட்டு மேடையில் வந்துச்சு. சபையில் கேட்டுப் பேரம் பேசி வாங்க வேண்டிய காசு, மேடையில் பரிசு மாதிரி வருது. கைதட்டலும் கேட்டுச்சு.

உங்க தொகுதிக்காரர் அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வந்தா ஒண்ணே ஒண்ணு கேளுங்க: “அண்ணாச்சி, எத்தனை வெட்டுத் தீர்மானத்துக்குப் பிரிச்சு எண்ணச் சொல்லி எழுந்து நின்னீங்க?”

டிஸ்கி: ரெண்டு கட்சிக்காரங்களும் திட்டலாம். ஆனா 203ஐப் படிச்சுட்டு வந்து திட்டுங்க :-)