சாவி கொடுக்கும் வாட்ச் திரும்பி வருமா?

போடியில் விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போன தாத்தாக்கள் பலருக்கு மணி சொன்னது ஹெச்.எம்.டி. வாட்ச்தான். பாதிப் பேருக்கு அது மாமனார் போட்ட சீர்! ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் பெங்களூருவில் தொடங்கிய வாட்ச் தொழிலை, 2016-ல் மூட மத்திய அரசு முடிவெடுத்தது. தினமும் சாவி கொடுக்கும் அந்த ‘ஜனதா’ பழையபடியே வராதா என்று சேகரிப்பாளர்கள் இன்னமும் ஏங்குகிறார்கள். அதே பெயரில் பேட்டரி வாட்ச் வந்தால் அவர்களுக்குப் பிடிக்காது, எனக்கும்தான்.

இந்த ஏக்கத்தைக் காசாக்கவும் ஆள் இருக்கிறது. நாலு வாட்ச்சின் பாகங்களை ஒன்றாக்கி, டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, ‘பழைய ஒரிஜினல்’ என்று ஆன்லைனில் விற்கிறார்கள். பளபளவென்று இருந்தாலே சந்தேகப்படுங்கள். முதலில் வீட்டு பீரோவைத் துழாவுங்கள். தாத்தாவுடையது கிடைத்தால் சர்வீஸுக்குக் கொடுங்கள். டயல் மஞ்சளாகியிருந்தாலும் பெயின்ட் மட்டும் வேண்டாம்.